ஒரு சாண் தூரம்

— பதினேழாயிரத்து அறுநூத்தி நாப்பது. நேத்து சாயந்திரம் ஆபீஸ் கிளார்க் கடன் நோட்டைப் புரட்டி, விரலை வச்சு, சத்தமா படிச்சுக் காட்டினான். அந்த நாப்பதைக்கூட விடல மாப்ள.

— நாப்பதை எதுக்கு விடணும்? அவங்க மெஷின் என் அஞ்சு விரல்ல ஒண்ணைக்கூட விடலையே. உக்காரு மச்சான். அந்த நாற்காலி ஆடும், சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கோ.

— இப்படிச் சிரிச்சுக்கிட்டே பேசாத.

— அழுதா முளைக்குமா? இந்தக் கட்டைப் பாரு, தலையணை மாதிரி. மணிக்கட்டோட போச்சு, முழங்கை தப்பிச்சது நல்ல வேளைன்னாரு டாக்டர். யாருக்கு நல்ல வேளைன்னு கேக்க வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். சரி, பதினேழாயிரத்துக்கு வா. முதலாளிகிட்ட வாங்கினதுதானே?

— அவர்கிட்டதான். என் வீட்டுக்காரிக்கு கல்லடைப்புன்னு ஆபரேஷன் பண்ணினப்போ வாங்கினது. மாசம் ஆயிரத்து இருநூறு சம்பளத்துல பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. இத்தனை நாள்ல ஒரு வார்த்தை கேட்டதில்ல. நேத்து திடீர்னு கூப்பிட்டு, நாளைக் காலைக்குள்ள மொத்தத்தையும் கொண்டுவந்து வைங்கறாரு.

— நாளைக் காலையில பத்து மணிக்குத்தானே மச்சான், விபத்த விசாரிக்க ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வராரு?

— அதான் பாரு. ஒண்ணு பணத்தக் கட்டு, இல்லாட்டி வாயக் கட்டுன்னு நேராவே சொல்லிட்டாரு. வாயத் திறந்தா புரோநோட்டோட போலீசுக்குப் போவாராம்.

— அவர் பயப்படுற அளவுக்கு உன் வாயில என்ன இருக்கு? கை குறுக்க வந்தா மெஷினை நிறுத்தற அந்த லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, நான் அதை மறைக்கல. இவ்வளவுதானே நீ சொல்லப்போற? பக்கத்துல நின்ன யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க.

— யாரும் சொல்ல மாட்டாங்க மாப்ள. எல்லாருக்கும் அந்த நோட்டுல ஒரு பக்கம் இருக்கு.

— அப்ப நீயாவது சொல்லு. கேட்டுக்கோ, மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆரஞ்சுப் பழம் ஒரு கையில, மெஷின் ஃபைல் இன்னொரு கையில. ரெண்டு கையும் இருக்கறவன், எதை வேணா தூக்கலாம். கட்டில் பக்கத்துல உக்காந்து ஃபைலத் தொறந்து காட்டினான். "இந்தத் தாளைப் பாருப்பா. ஒளி அறுந்ததும் மெஷின் நிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு செகண்டை நூறாப் போட்டா அதுல பதினோரு பங்கு. அளந்து எழுதியிருக்கு. மெஷின் அடிக்கற இடத்துல இருந்து லைட் கம்பம் ஒரு சாண் தள்ளி நிக்குது. உன் கை அந்த ஒரு சாணைக் கடக்கறதுக்குள்ள மெஷின் நின்னே ஆகணும். நிக்கலேன்னா என்ன அர்த்தம்? நீ தகரத்த வச்சு லைட்ட ஏமாத்தியிருக்க." இதச் சொல்லிட்டு எனக்கே ஆரஞ்சை உரிச்சுக் கொடுக்கறான்.

— தின்னியா?

— தின்னேன். பசி. அதுவா இப்ப முக்கியம்? பதினாறு வருஷமா தகடு அடிக்கற பிரஸ் ஓட்டறேன் மச்சான். ஒரு நாள் தகரம் வச்சிருக்கேனா? அந்தத் தாள் நெசம்னா நான் பொய்யன். நான் பொய்யன்னா நஷ்ட ஈடு கிடையாது, வேலை கிடையாது, ஆஸ்பத்திரி பில்லும் என் தலையில. ஒத்தத் தாளுதான் எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

— அந்தத் தாள் நெசமில்ல மாப்ள.

— எனக்குத் தெரியும். உனக்கு எப்படித் தெரியும்?

— அத எழுதினது நான்தான். திட்டிடு. இப்படிச் சும்மா பாத்துக்கிட்டு இருக்காத.

— ஃபேன் சத்தத்தக் கேட்டுக்கிட்டிருக்கேன். நீ சொல்லு.

— என்னத்தச் சொல்ல. மூணு மாசம் முன்னாடி மோட்டாரை மாத்தினோமில்ல? நிமிஷத்துக்கு முப்பது அடி அடிச்சுக்கிட்டிருந்த மெஷினை நாப்பத்தஞ்சு ஆக்கினோம். தகட்டுல வந்து அடிக்கற மேல் அச்சு, அந்த டையும் புதுசு, பழசவிட கனம். நானும் ரெண்டு ஹெல்ப்பரும் சேர்ந்து ரெண்டு நாள்ல முடிச்சோம். முதலாளி தோள்ல தட்டிக் கொடுத்தாரு.

— நானும்தான் கை தட்டினேன். அப்ப ரெண்டு இருந்துச்சு. அப்புறம்?

— மெஷினை அப்படி மாத்தினா ஃபைல்ல புதுத் தாள் எழுதணுமாம். என்ன மாத்தினோம், அதனால புதுசா என்ன ஆபத்து, அதுக்கு என்ன செஞ்சோம், எத்தனை நேரத்துல நிக்குது, அளந்தது யாரு, எல்லாம். அப்புறம் ஓட்டறவங்களக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டணும்.

— எனக்கு யாரும் ஒண்ணும் படிச்சுக் காட்டலையே.

— யாருக்கும் காட்டல. மெஷின் செஞ்ச கம்பெனிக்கு மேனேஜர் எழுதிக் கேட்டான், நீங்களே தாள் கொடுத்துடுங்கன்னு. அவங்க ரெண்டே வரியில பதில் போட்டுட்டாங்க. மோட்டாரையும் டையையும் மாத்திட்டீங்க, இது இனிமே எங்க மெஷின் இல்ல, மாத்தினவங்கதான் இதச் செஞ்சவங்கன்னு.

— மாத்தினவங்கன்னா?

— என்கிட்ட அந்த லெட்டரக் காட்டி, "ஃபிட்டரே, நீங்கதானே மாத்தினீங்க, இனிமே நீங்கதான் மெஷின் கம்பெனி"ன்னு சிரிச்சான். நானும் இளிச்சேன். அளக்கற கருவி நம்மகிட்ட இல்ல, வெளியில இருந்து ஆள் வந்து அளக்கணும், ஒரு நாள் மெஷின் நிக்கும்னு சொன்னேன் மாப்ள. ஒரு தடவை சொன்னேன். முதலாளி காதுல விழுந்துச்சு. "லைட் அதே லைட்டு, கம்பம் அதே கம்பம், எவன் எதை நகத்தினான்? பழைய தாளப் பாத்து எழுதிக் கொடுய்யா"ன்னுட்டாரு.

— நீ எழுதிட்ட.

— எழுதிட்டேன்.

— எல்லாத்தையும்?

— ஒரு எழுத்து விடாம. பழைய தேதிய அடிச்சிட்டு புதுத் தேதி, அது ஒண்ணுதான் வித்தியாசம். பதினொண்ணுன்னு இருந்துச்சு, பதினொண்ணுன்னு போட்டேன். "அளந்து சரிபார்த்தவர்"னு ஒரு கட்டம். அதுல பழைய ஃபிட்டர் பேர் இருந்துச்சு. அந்த இடத்துல என் பேரு.

— அளக்காமலே.

— அளக்காமலே. ஏன்னு கேக்காத மாப்ள, வெக்கமா இருக்கு. எனக்கு எழுத்து வந்ததே நாப்பத்திரண்டு வயசுல. நீதானே மதிய நேரத்துல அட்டைப்பெட்டியக் கிழிச்சுப் போட்டு சொல்லிக் கொடுத்த? முன்னாடி இருக்கறதப் பாரு, அப்படியே எழுது, கொக்கி விடாத, சுழி விடாதன்னு. எனக்கு எழுதறதுன்னா அதுதான். ஒரு தாள் முழுக்க முதல் தடவையா எழுதறேன். நாக்கக் கடிச்சுக்கிட்டு, வேர்வை தாள்ல சொட்டாம துடைச்சுத் துடைச்சு எழுதினேன். முடிச்சதும் அதுல என்ன இருக்குன்னு நான் பாக்கல. எழுத்து கோணாம வந்திருக்கான்னுதான் பாத்தேன்.

— கோணாம வந்துச்சா?

— மேனேஜர் மத்தவங்ககிட்டக் காட்டினான். அச்சடிச்ச மாதிரி இருக்குன்னான். அன்னைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிட்டுப் போனேன்.

— அச்சடிச்ச மாதிரிதான் இருந்துச்சு மச்சான். ஆஸ்பத்திரியில பாத்தேனே. யாரோ படிச்சவன் எழுதினதுன்னு நெனச்சேன்.

— அடி வேணா அடிச்சுக்கோ. இடது கையால அடி.

— அடிக்கற தெம்பு இருந்தா எழுந்து தண்ணி குடிக்க மாட்டேனா? அந்தச் சொம்பை எடு. ... போதும். இப்ப ஒண்ணு சொல்லு. நெசமா அது எத்தனையில நிக்குது?

— இருபத்தி நாலு.

— எப்படித் தெரியும்?

— நீ அடிபட்ட நாலாம் நாள், பக்கத்து ஷெட்டு எலக்ட்ரீஷியன்கிட்ட கருவி இரவல் வாங்கினேன். சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் வெளியில போனதும் மாட்டி அளந்தேன். மூணு தடவை. இருபத்தி நாலு, இருபத்தி நாலு, இருபத்தி நாலு. வேகம் கூடினா, கனம் கூடினா, பிரேக் பிடிச்சாலும் இழுத்துக்கிட்டுத்தான் வந்து நிக்கும். சைக்கிள் ஓட்டறவனுக்குத் தெரியறது எனக்குத் தெரியல.

— அப்ப லைட் எவ்வளவு தள்ளி இருந்திருக்கணும்?

— ஒரு முழம். ஒரு முழம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு சாண்ல நின்னுச்சு. நீ கை விட்டதும் ஒளி அறுந்துச்சு, பிரேக்கும் பிடிச்சுச்சு. எல்லாம் அதுஅது வேலையச் செஞ்சுச்சு மாப்ள. தூரம்தான் பத்தல.

— ஒரு முழம். என் முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும்... இப்ப அளந்து காட்டவும் வழியில்ல, பாரு.

— மாப்ள...

— விடு, பழக்கம் வாயில வருது. லைட்ட ஏமாத்தினவன்னு என்னை ஊரே சொல்லுது. பக்கத்து வீட்டுக்காரி உன் தங்கச்சிகிட்டயே கேட்டாளாம், "ஏன்க்கா, அவசரப்பட்டாராமே"ன்னு. பதினோரு நாளா நானே யோசிச்சுப் பாக்கறேன், ஒருவேளை நான்தான் ஏதாவது செஞ்சேனோன்னு. ராத்திரி தூக்கம் வராம கைய நீட்டி நீட்டிப் பாக்கறேன், இப்படி விட்டேனா, அப்படி விட்டேனான்னு. நீ பதினோரு நாள் தெரிஞ்சுக்கிட்டு இருந்திருக்க.

— ஏழு நாள். அளந்ததுல இருந்து ஏழு நாள்.

— ஏழு நாள் கொறச்சலா? தெனமும் வந்து இந்த நாற்காலியில உக்காந்து, கஞ்சி குடிச்சியா, மருந்து சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் போன.

— கதவுக்கு வெளியில நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் வருவேன். உள்ள வந்தா உன் கட்டு கண்ணுல படும். கஞ்சி குடிச்சியான்னுதான் வாயில வரும்.

— மெஷின் இப்ப சும்மா கிடக்கா?

— ஓடுது. மூணாம் நாளே கழுவிட்டு ஓட்ட ஆரம்பிச்சாச்சு. புதுசா ஒரு பொண்ணு உக்காருது. புருஷன் இல்ல. சம்பளம் உன்னதவிட கம்மி.

— கம்பத்தையாவது நகத்தினியா?

— ஸ்பானர எடுத்துட்டுப் போனேன். மேனேஜர் கையப் பிடிச்சுக்கிட்டான். இப்ப நகத்தினா முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், இன்ஸ்பெக்டர் பாத்துட்டுப் போற வரைக்கும் எதையும் தொடாதன்னான். நான் அந்தப் பொண்ணுகிட்ட போய், "மெதுவா ஓட்டும்மா, துண்டு சிக்கினா கைய விடாத, குச்சியால தள்ளு"ன்னேன். "மெதுவா ஓட்டினா எண்ணிக்கை வராதே அண்ணா"ன்னுச்சு.

— கேட்டுக்கோ மச்சான். என் கை போனது போச்சு. நீ வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும், போன ஜென்மத்துப் பகையா நமக்குள்ள? ஆனா நாளைக்கு நீ வாய மூடிக்கிட்டு நின்னா, அது தெரிஞ்சு செய்யறது. அந்தப் பொண்ணு கை போனா அது நீ வெட்டினதுதான். சரிதானே?

— சரிதான்.

— நாளைக்குச் சொல்லுவியா?

— சொன்னா முதல் கேஸ் என் மேலதான். பொய்த் தாள் எழுதினவன் நான். முதலாளி வாயால சொன்னதுக்கு எங்க சாட்சி? வேலை அன்னைக்கே போயிடும். கேஸாவது பரவாயில்ல, என்னிக்கோ வரும். நாளைக்கே பதினேழாயிரத்து அறுநூத்தி நாப்பதுக்கு எங்க போவேன்? புரோநோட்டுல வீட்டுச் சாமான்லாம் எழுதி வாங்கியிருக்காரு. தையல் மெஷின் உட்பட. என் வீட்டுக்காரி அதுலதான் நாலு காசு பாக்கறா.

— கடன் இல்லேன்னா சொல்லுவியா?

— கடன் இல்லேன்னா... கடன் இல்லேன்னா இந்நேரம் சொல்லியிருப்பேன் மாப்ள. மனசறிஞ்சு சொல்றேன்.

— அப்ப உனக்கு ஒரு கயிறுதான் கட்டியிருக்கு. உன் தங்கச்சி இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தா, அண்ணன் எதுக்கோ பயந்துக்கிட்டு இருக்கு, கழுத்துல எதையோ மாட்டியிருக்காங்கன்னு. எங்க போனா, மதியத்துல இருந்து காணோம். மருந்துக் கடை தெருமுனையிலதான் இருக்கு.

— நான் வரும்போதும் வழியில பாக்கலையே.

— வரட்டும். அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன், வழக்கு முடியற வரைக்கும் கம்பெனிக் காசு ஒத்தப் பைசா இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு. வாங்கினா வாய் அடைச்சுப்போயிடும். ரெண்டு தடவை ஆள் அனுப்பினான், திருப்பி அனுப்பிட்டேன். நஷ்ட ஈடு வந்தா உன் கடன நானே அடைக்கறேன். சிரிக்காத. அதுவரைக்கும் தையல் மெஷின எடுத்துட்டுப் போனா போகட்டும்.

— மாப்ள, இதப் பாரு.

— என்ன இது, சிகரெட் அட்டையா?

— பின்பக்கம் பாரு. அளந்தத அன்னைக்கே எழுதி வச்சேன். தேதி, நேரம், மூணு தடவை என்ன வந்துச்சு, லைட் எவ்வளவு தூரத்துல இருக்கு. எதையும் பாத்து எழுதல. நானா எழுதினது.

— "அலந்தேன்"னு எழுதியிருக்க.

— தப்பா?

— தப்புதான். ஆனா இன்ஸ்பெக்டருக்குப் புரியும். இத வச்சுக்கோ மச்சான், பத்திரமா. இதுக்கு முன்னாடி அந்த அச்சடிச்ச மாதிரித் தாள் நிக்காது.

— சொல்றேன் மாப்ள.

— என்ன?

— நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்றேன். பொய்த் தாள் எழுதினது நான், எழுதச் சொன்னது அவருன்னு. தையல் மெஷினத் தூக்கினா தூக்கிட்டுப் போகட்டும். கருவி கொடுத்த எலக்ட்ரீஷியனையும் கூட்டிட்டு வரேன். அவன் பேரு இவங்க நோட்டுல இல்ல.

— கைய கொடு. ... இடது கைதான், பரவாயில்ல, பழகிக்கோ. படிச் சத்தம் கேக்குது பாரு, அவதான்.

— அண்ணே! நீ இங்கயா இருக்க? உன் வீட்டுக்குப் போய்ட்டுத்தான் வரேன். அண்ணி நீ இங்க வந்திருக்கன்னு சொன்னாங்க. ஒரே ஓட்டமா ஓடி வந்தேன், மூச்சு வாங்குது.

— என்னம்மா, எதுக்கு இந்த ஓட்டம்?

— கைய நீட்டுண்ணே. நீட்டுன்னா நீட்டு. இந்தா, பிடி.

— என்னது... இது என் புரோநோட்டு! இது எப்படி உன்கிட்ட?

— கிழிச்சுப் போடு. ரசீதும் இருக்கு. பதினேழாயிரத்து அறுநூத்தி நாப்பது, சுத்தமா கட்டியாச்சு. இனிமே அந்த ஆளு உன்ன ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்கு நீ பாட்டுக்கு நிமிந்து நின்னு எங்க பக்கம் சொல்லு. நீ ஏன் பேசாம இருந்தன்னு எனக்குத் தெரியாதா? அண்ணி நேத்தே என்கிட்ட சொல்லி அழுதுட்டாங்க.

— பணம் ஏதுடி?

— நீங்க சும்மா இருங்க, கோவிச்சுக்காதீங்க. கம்பெனியில கொடுத்தாங்க.

— கம்பெனியிலயா? உன்கிட்ட நான் என்ன சத்தியம் வாங்கினேன்?

— உங்க சத்தியம் மருந்துக் கடையில செல்லுமா? மருந்துச் செலவுக்குன்னு பதினெட்டாயிரம் கொடுத்தாங்க. அதையே வாங்கி, அதே மேசையில அண்ணன் கடனுக்குத் திருப்பிக் கொடுத்துட்டேன். அவங்க காசு நம்ம வீட்டு வாசப்படி ஏறல, சத்தியமும் கெடல. மிச்சம் முந்நூத்தி அறுபதுக்குப் பஞ்சும் மாத்திரையும் வாங்கினேன். அவங்க பணத்தாலயே அவங்க கயித்த அறுத்துட்டேன், எப்படி?

— சும்மாவாம்மா கொடுத்தாங்க? எதுல கையெழுத்துப் போட்ட?

— பணம் வாங்கினா போடாம இருப்பாங்களா? இதோ, காப்பி கொடுத்திருக்காங்க, நாலு தாள். தொகைய மட்டும் மூணு தடவை பாத்தேண்ணே. பதினெட்டாயிரம், சரியா இருக்கு. உன் கடனுக்கு நேரா எழுதினதும் சரியா இருக்கு. மத்தது பொடி எழுத்து. கிளார்க் பெருக்கல் குறி போட்ட இடத்துல எல்லாம் போட்டேன்.

— கடைசித் தாள்ல இது என்ன ரேகை?

— இவரோடது. நேத்து ராத்திரி கடைசித் தாள மட்டும் கொடுத்தனுப்பினாங்க. வெறும் கோடுதான் இருந்துச்சு. காலையில மருந்து பில்லுன்னு சொல்லி இவர் இடது பெருவிரல உருட்டினேன். கம்பெனித் தாளுன்னா போடுவாரா? மத்த மூணையும் இன்னைக்குத்தான் மேல வச்சுப் பின் அடிச்சாங்க.

— படி மச்சான்.

— வெளிச்சத்துக்கு வரேன் இரு. "நான்... எனக்கு நேர்ந்த... விபத்து... பாதுகாப்பு விளக்கை... நானே மறைத்து... வேலை செய்ததால்... ஏற்பட்டது என... முழு மனதுடன்..."

— மேல.

— "...ஒப்புக்கொள்கிறேன். இயந்திரத்தில்... எந்தக் குறையும்... இல்லை. கருணைத் தொகையாக... பதினெட்டாயிரம் பெற்று... இனி நானோ... என் குடும்பத்தாரோ... எந்த வழக்கும்..."

— போதும்.

— அண்ணே, என்னண்ணே அது? இவர் ஏன் சுவத்தப் பாத்துத் திரும்பிட்டாரு? நாளைக்கு நீ போய் நடந்ததச் சொல்லிட்டா எல்லாம் சரியாப் போயிடும்ல?

— நான் சொன்னா, அவரே இப்படி எழுதிக் கொடுத்திருக்காரேன்னு இத எடுத்து நீட்டுவாங்கம்மா. கடன் தீர்ந்ததும் மச்சான் கதை கட்டறான்னு சொல்லுவாங்க.

— கிளார்க் எல்லாருக்கும் எழுதற மாதிரிதான்னு சொன்னானே... அண்ணே, உன் கடன் தீர்ந்துச்சுன்னாவது ஒழுங்கா எழுதியிருக்கானா? அத மட்டும் படிச்சுச் சொல்லு.

— எழுதியிருக்கான் தங்கச்சி. என் பேருக்கு நேரா பாக்கி ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கான். மாப்ளையோட கைய வரவு வச்சிருக்கான்.